மைதானத்தில் விலைபேசப்படும் மரபு

ஐக்கிய அமெரிக்காவின் பெருநகரங்களிலே இயங்கும் கூடைப்பந்தாட்டக் கழகங்களும் பேஸ்போல் கழகங்களும் சில காலமாக ஒரு விழாவினைக் கைக்கொண்டு வருகின்றன. ஆண்டில் ஓர் ஆட்டநாளைத் தெரிந்தெடுத்து அதற்குப் ‘பிலிப்பினோ மரபு மாலை’ என்று பெயர் சூட்டுகின்றன. அன்றைக்கென்று தனி நுழைவுச்சீட்டு உண்டு. அச்சீட்டை வாங்குவோருக்குப் பிலிப்பைன் கொடியின் சூரியனையும் நட்சத்திரங்களையும் நினைவூட்டும் மேற்சட்டையோ தொப்பியோ கிடைக்கும். இடைவேளையில் இளைஞரும் யுவதிகளும் மூங்கிற் கழிகளுக்கிடையே கால்மாற்றித் தாவும் தினிக்லிங் நடனத்தை ஆடுவர். ஒலிபெருக்கியில் ‘மபுஹாய்’ என்ற வாழ்த்து முழங்கும். ஆட்டம் முடிந்ததும் விளக்குகள் அணையும். இன்னொரு நாள் அதே மைதானத்தில் வேறொரு சமூகத்தின் மரபுக்குச் சீட்டு விற்கப்படும்.

இவ்விழாவுக்குச் செல்லும் மக்களைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. இரவுக் கடமை முடித்து வந்த தாதி ஒருத்தி, தன் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மைதானத்திலே தன் நாட்டுக் கொடியைக் காணும்போது அவளுள்ளம் நிறைவதை எவர் பழிக்க முடியும்? நாம் பேச விரும்புவது வேறு. இம்மாலைகளைப் புகழ்வோர், ‘விளையாட்டு பேதம் அறியாதது; அதனுள் அரசியலைப் புகுத்தாதீர்’ என்று உபதேசம் செய்கிறார்களே, அந்த உபதேசத்தைத்தான் மறுக்க விரும்புகிறோம். நமது முகாமிலேயே உள்ள நண்பர்கள் சிலரோ, ‘விளையாட்டு என்பதே உழைக்கும் மக்களை மயக்கும் அபின், அதில் மரபென்ன, வரலாறென்ன?’ என்று கையை உதறிவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குக் கூறவும் எம்மிடம் சில செய்திகள் உண்டு.

முதலில் உபதேசிகளிடம் வருவோம். பிலிப்பினோ மக்களின் விளையாட்டினுள் அரசியலைப் புகுத்தியவர் யார்?

1898ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி ஸ்பெயின் பிலிப்பைன் தீவுகளை 2 கோடி டொலருக்கு ஐக்கிய அமெரிக்காவிடம் கையளித்தது. கைமாறிய மக்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. அவர்களோ தமக்கென ஒரு குடியரசை நிறுவி, 1899 முதல் புதிய எசமானரை எதிர்த்து ஆயுதமேந்திப் போரிட்டனர். 1902இல் அப்போர் முடிந்துவிட்டதென வாஷிங்டன் அறிவித்தது. இரண்டே ஆண்டுகளின் பின்னர் சென் லூயிஸ் நகரில் உலகக் கண்காட்சி ஒன்று கூடியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிலிப்பினோ மக்கள் அங்கே கொண்டுவரப்பட்டு, குடில்கள் அமைத்து வாழும்படி வைக்கப்பட்டனர். இகொரோட் முதலான மலைவாழ் மக்களின் அன்றாட வாழ்வு சீட்டு வாங்கியோருக்குக் காட்சிப்பொருளாயிற்று. வென்றவன், தான் வென்ற மக்கள் எவ்வளவு ‘அநாகரிகர்’ என்பதைத் தன் நாட்டுக் குடிமக்களுக்குக் காட்டி, தன் ஆட்சிக்கு நியாயம் தேடிக்கொண்டான்.

அதே ஆண்டு அதே நகரில் ஒலிம்பிக் போட்டிகளும் நடைபெற்றன. அவற்றை ஒட்டி ஓகஸ்ட் 12, 13ஆம் தேதிகளில் ‘மானிடவியல் நாட்கள்’ என்று ஒரு வேடிக்கை நடத்தப்பட்டது. கண்காட்சிக்குக் கொண்டுவரப்பட்டிருந்த பழங்குடி மக்களை, அவர்களுள் பிலிப்பைன் மக்களையும், முன்னொருபோதும் கண்டிராத போட்டிகளில் இறக்கிவிட்டார்கள். ஓட்டத்தின் தொடக்கத்தில் துப்பாக்கி வெடிப்பது எதற்கு, முடிவில் கட்டியிருக்கும் கயிற்றை என்ன செய்வது என்பனவும் தெரியாதவர்கள் அவர்கள். அவர்கள் எறிந்த தூரத்தையும் ஓடிய நேரத்தையும் பயிற்சி பெற்ற வெள்ளை வீரரின் கணக்கோடு ஒப்பிட்டு, ‘பார்த்தீர்களா, இனங்களின் ஏற்றத்தாழ்வு இயற்கையின் விதி’ என்று முடிவு கட்டினார்கள். முன்னின்று நடத்தியவர்கள் தெருவோரத்துச் சில்லறை வியாபாரிகள் அல்லர். மானிடவியல் அறிஞராகிய மக்கீயும் அமெரிக்க விளையாட்டுத்துறையின் பெருந்தலைவர் சலிவனும் ஆவர். நவீன ஒலிம்பிக்கின் தந்தையெனப்படும் கூபெர்த்தானே அதனை வெறுத்துரைத்தார்.

அமெரிக்க மண்ணில் பிலிப்பினோ மக்கள் விளையாட்டு மைதானத்திற் புகுந்த முதற் சந்தர்ப்பங்களில் ஒன்று இது. அங்கும் சீட்டு விற்பனை இருந்தது, மரபுக் காட்சி இருந்தது, நடனம் இருந்தது. இன்றைய மாலையும் அன்றைய கண்காட்சியும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. அன்று அடைத்துவைத்தார்கள், இன்று மக்கள் தாமே விரும்பி வருகிறார்கள். ஆனால், அன்று நடந்ததை ஒரு வரியிலேனும் கூறாமல் இன்றைய மாலையை நடத்துகிறார்களே, அந்த மௌனத்தை அரசியல் கலவாத மௌனமென்று எவ்வாறு ஏற்பது?

விளையாட்டு அத்தீவுகளுக்குச் சென்ற கதையும் இதற்குக் குறைந்ததன்று. அமெரிக்க ஆட்சியின் பள்ளிக்கூடங்கள் பேஸ்போலைக் கற்பித்தன; சேவற்சண்டைக்குப் பதிலாகப் பேஸ்போல் ஊன்றினால் நாகரிகம் பிறக்குமென்று அதிகாரிகள் பெருமை பேசினர். வை. எம். சி. ஏ. கூடைப்பந்தாட்டத்தைப் பரப்பியது. அச்சங்கத்தின் உடற்பயிற்சி அதிகாரி எல்வுட் பிறவுண் முன்னின்று உழைக்க, 1913இல் மணிலாவில் தூரகிழக்கு நாடுகளின் முதற் போட்டிகள் கூடின. மிஷன் கல்லூரிகளின் கிரிக்கெற் மைதானங்களை அறிந்த நமது ஆசிரியர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வரிசையில் நிற்கவும், நடுவரின் குரலுக்குக் கீழ்ப்படியவும், தோற்றால் கைகுலுக்கவும் பழக்கிவிட்டால் ஆளப்படுவதற்கும் பழகிவிடுவார்கள் என்பது எல்லா ஏகாதிபத்தியங்களுக்கும் பொதுவான நம்பிக்கை.

ஆனால் இங்கேதான் அபின் வாதம் பேசும் நண்பர்கள் தவறிவிடுகிறார்கள். மக்கள் கொடுத்ததைக் கொடுத்தபடி வாங்கிக்கொள்வதில்லை. கிராமத்து மண்தரையில், தென்னை மரத்தில் வளையத்தை அடித்து, கால்களிற் செருப்போடு அவர்கள் ஆடிய கூடைப்பந்தாட்டம் பிறவுணின் பாடப்புத்தகத்தில் இல்லாதது. கொண்டுவந்தவனைவிட உயரத்திற் குறைந்த மக்கள், உயரத்தையே மூலதனமாகக் கொண்ட ஓர் ஆட்டத்தைத் தம் வேகத்தாலும் வளைவு நெளிவுகளாலும் தமதாக்கிக்கொண்டனர். 1936இல் பேர்லின் ஒலிம்பிக்கில் பிலிப்பைன் அணி ஐந்தாம் இடம் பெற்றது. 1954இல் றியோ டி ஜனைரோவில் நடந்த உலகப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றது. இவ்வாட்டத்தைத்தான் பிற்காலத்தில் கடல்கடந்த பிலிப்பினோ தொழிலாளி தன் பெட்டியோடு எடுத்துச் சென்றான்.

அதற்கு முன்னரே சென்றவர்களின் கதை குத்துச்சண்டை மேடையில் தொடங்குகிறது. 1920களிலும் 1930களிலும் பல்லாயிரம் இளைஞர் கலிபோர்னியாவின் வயல்களுக்கும் அலாஸ்காவின் மீன் அடைக்கும் ஆலைகளுக்கும் வந்து சேர்ந்தனர். அவர்கள் சட்டத்தின் கண்ணில் விசித்திரமான பிறவிகள்: அந்நியருமல்லர், குடிமக்களுமல்லர். ஸ்டொக்டன் நகரைச் சுற்றிய வயல்களில் அஸ்பராகஸ் தண்டுகளை நாள்முழுதும் குனிந்து வெட்டினர். அந்நகரின் விடுதியொன்றின் வாயிலில் பிலிப்பினோக்களுக்கு அனுமதி இல்லையென எழுதிய பலகை தொங்கிய புகைப்படம் இன்றும் எஞ்சியிருக்கிறது.

இத்தகைய காலத்தில், 1923 ஜூன் 18ஆம் தேதி, நியூயோர்க் நகரில் பஞ்சோ வில்லா என்ற பெயர் பூண்ட பிரான்சிஸ்கோ குய்லெடோ வேல்ஸ் நாட்டின் ஜிம்மி வைல்டை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனான். கரும்புத் தோட்டங்கள் நிறைந்த நீக்ரோஸ் தீவில் பிறந்தவன் அவன். அவனிடம் வீழ்ந்த வைல்டோ ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. மேடையின் இரு மூலைகளிலும் பாட்டாளி மக்களே நின்றனர். வாயிலில் பணம் எண்ணியவர்கள் வேறு. இரண்டாண்டுகளின் பின், பல்லிலே தோன்றிய நச்சுநோயோடு ஒரு போட்டியில் இறக்கப்பட்ட வில்லா, 1925 ஜூலை 14ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் இறந்தான். வயது 23. அக்காலக் குத்துச்சண்டை அரங்குகளில், வயற்சேறு கழுவி நல்லுடை உடுத்திவந்த தொழிலாளர், தம் தோல் நிறம் கொண்டவன் வெள்ளையனைச் சட்டப்படி அடிக்கக்கூடிய ஒரே இடத்தைக் கண்டனர். அவர்கள் எழுப்பிய ஆரவாரத்தை அபின் மயக்கமென்று கூறுவோர் அந்த வயல்களில் ஒரு நாள் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.

அரங்குக்கு வெளியே நடந்தது என்ன? 1930 ஜனவரியில் வோட்சன்வில் நகரில் வெள்ளையர் கும்பல்கள் பல நாட்களாகப் பிலிப்பினோ தொழிலாளரை வேட்டையாடின. அவர்கள் வெள்ளைப் பெண்களோடு நடனமாடியதே குற்றம். தொழிலாளர் தங்கியிருந்த கொட்டில் ஒன்றை நோக்கிச் சுட்டதில் பெர்மின் தொபேரா என்ற 22 வயது இளைஞன் உயிரிழந்தான். 1934இல் நிறைவேறிய சட்டம், பத்தாண்டுகளிற் சுதந்திரம் என்ற வாக்குறுதியை ஒரு கையால் நீட்டி, பிலிப்பினோ மக்களின் வருகையை ஆண்டொன்றுக்கு 50 பேராக மறு கையால் நறுக்கியது.

விக்டோரியா மனாலோவின் கதையை நாம் தனியே கூறவேண்டும். 1924இல் சான் பிரான்சிஸ்கோவில் பிலிப்பினோ தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்த அப்பெண், நீரிற் பாயும் கலையில் வல்லவளாக வளர விரும்பினாள். பயிற்சி பெற நல்ல கழகம் வேண்டும். கழகத்திற் சேர்வதானால் மனாலோ என்ற தந்தையின் பெயரை விட்டுத் தாயின் குடும்பப் பெயராகிய டெய்லரைச் சூடிக்கொள்ள வேண்டுமெனப் பயிற்சியாளர் கூறினார். சூடிக்கொண்டாள். 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் துள்ளுபலகைப் பாய்ச்சலிலும் மேடைப் பாய்ச்சலிலும் இரு தங்கப் பதக்கங்கள் வென்றாள். அப்போது மணமாகியிருந்தமையால் டிரேவ்ஸ் என்ற கணவனின் பெயரே அவளது பெயரோடு இணைந்திருந்தது. ஒரு பிலிப்பினோ தொழிலாளியின் மகள் உலகின் உச்சியில் நின்றாள்; அவளை ஈன்ற தந்தையின் பெயர் அம்மேடையில் இல்லை. இன்று அதே சமூகத்தின் பெயரை மேற்சட்டையில் அச்சிட்டு விற்கும் விளையாட்டுத்துறை, அப்பெயரை ஒரு சிறுமியிடமிருந்து பறித்த நாளைப் பற்றிப் பேச ஏன் தயங்குகிறது? அச்சிட்ட பெயருக்கு இலாபம் உண்டு. பறித்த பெயருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்க மைதானங்களில் ஆட்டத்தின் நடுவே படைவீரரை எழுப்பி நிறுத்திக் கரகோஷம் செய்யும் வழக்கமும் உண்டு. நல்லது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின்கீழ்ப் போரிட்ட பிலிப்பினோ வீரர்களுக்கு வாக்களிக்கப்பட்ட உரிமைகளை 1946 பெப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தால் நீக்கியது. 63 ஆண்டுகள் கழித்து, 2009இல், எஞ்சியிருந்த கிழவர்களுக்கு ஒரே தடவையில் ஒரு தொகை வழங்கப்பட்டது: அமெரிக்கப் பிரசையானால் 15,000 டொலர், இல்லையேல் 9,000. அவ்வாண்டிலேதான் ஒக்டோபரைப் பிலிப்பினோ அமெரிக்க வரலாற்று மாதமென அதே காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது.

ஒக்டோபரைத் தெரிந்தவர்கள் கழக முதலாளிகள் அல்லர் என்பதையும் ஈண்டு கூறுதல் தகும். 1982இல் சியாற்றிலில் தோன்றிய பிலிப்பினோ அமெரிக்க தேசிய வரலாற்றுச் சங்கம், டொறதி கோர்டோவா, பிறெட் கோர்டோவா என்ற தம்பதியின் உழைப்பால், முதியவர்களின் வாய்மொழியையும் பழைய படங்களையும் வீடுவீடாகச் சேகரித்தது. 1587 ஒக்டோபர் 18ஆம் தேதி ஸ்பானியக் கப்பலொன்றிலிருந்து லூசோன் தீவினர் கலிபோர்னியாவின் மொரோ குடாவில் இறங்கிய நாளை ஒட்டியே அச்சங்கம் அம்மாதத்தைக் குறித்தது. தளபதியின் பெயரை மட்டும் போற்றும் வரலாற்றில் கப்பற் கூலிகளின் கால் பதிந்த நாளை விழாவாக்கியது எமக்கு மிகவும் பிடித்த செயல்.

அதே மாதம் 25ஆம் தேதி லறி இற்லியோங் பிறந்த நாள். 1929இல் பதினைந்து வயதுச் சிறுவனாக வந்திறங்கியவர். தொழிலில் மூன்று விரல்களை இழந்தவர். 1965 செப்டம்பர் 8ஆம் தேதி டிலானோவின் திராட்சைத் தோட்டங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிலிப்பினோ தொழிலாளர் அவர் தலைமையில் வேலைநிறுத்தம் தொடங்கினர். மணிக்கு 1 டொலர் 40 சதம் கூலி, பெட்டியொன்றுக்கு 25 சதம் என்பன அவர்களது கோரிக்கை. தோட்ட முதலாளிகள் பிலிப்பினோவை மெக்சிக்கனாலும் மெக்சிக்கனைப் பிலிப்பினோவாலும் முறியடித்துப் பழகியவர்கள். அதனை நன்கறிந்த இற்லியோங், சேசர் சாவேசிடம் சென்று அவரது சங்கத்தையும் அழைத்தார். செப்டம்பர் 16ஆம் தேதி மெக்சிக்கத் தொழிலாளரும் சேர்ந்தனர். ஐந்தாண்டுகளின் பின், 1970 ஜூலையில், முதலாளிகள் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். சாவேசின் பெயர் உலகறிந்ததாயிற்று. தொடங்கிவைத்தவரின் பெயர் நெடுங்காலம் மங்கிக் கிடந்தது. 2015இல்தான் கலிபோர்னியா அவர் பிறந்த நாளை அவர் பெயரால் குறித்தது.

அந்த வேலைநிறுத்தத்துக்கான வாக்கெடுப்பு எங்கே நடந்தது? டிலானோவின் பிலிப்பினோ சமூக மண்டபத்தில். அபின் வாதம் பேசும் நண்பர்கள் இவ்விடத்திற் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஊர்ச்சங்கங்களும் விருந்துகளும் ஆட்டங்களும் வளர்த்த பழக்கம் இல்லாத இடத்தில் அத்தகைய மண்டபம் ஒன்று எழுவதில்லை. ஒருவரை ஒருவர் ‘மனோங்’, அண்ணா, என்று அழைத்துக்கொண்டவர்கள், கலப்பு மணத்தைத் தடைசெய்த சட்டத்தாலும் அலைந்து திரியும் வேலையாலும் குடும்பமின்றி முதுமையெய்தியவர்கள், ஒன்றுகூடியிருக்கக் கற்றது இவ்வாறுதான்.

இன்றும் அப்பழக்கம் மடியவில்லை. டேலி சிற்றியிலும் ஜேர்சி சிற்றியிலும் வேர்ஜினியா பீச்சிலும் சனி ஞாயிறுகளில் தேவாலய மண்டபங்களையும் பள்ளிக்கூடங்களையும் வாடகைக்கு எடுத்துப் பிலிப்பினோ மக்கள் நடத்தும் கூடைப்பந்தாட்டத் தொடர்கள் மரபு மாலைகளுக்கு முந்தியவை. ‘லீகா’ என்பர். தொடக்க நாளில் அணிகள் ஊர்வலமாக வரும். ஒவ்வோர் அணிக்கும் முன்னே அலங்கரித்த யுவதி ஒருத்தி நடப்பாள். ஓரத்தில் சோறும் லும்பியாவும் விற்கும் அம்மாமார். ஐம்பது வயதுக்காரருக்கும் தனிப் பிரிவு உண்டு. அவர்களது முழங்கால்களைப் பற்றி நாம் பேசாதிருப்பதே நாகரிகம். இத்தொடர்களை மாசற்றவையாகக் காட்ட நாம் முயலவில்லை. மேற்சட்டையின் முதுகில் வீட்டுத்தரகரின் பெயரும் பல்வைத்தியரின் பெயரும் இருக்கும், பணமுள்ளவர் தலைவராவார், பெண் அணியின் முன்னே அலங்காரமாக நடக்கவேண்டியவளாகிறாள், ஆட்டக்காரியாக இடம்பெறுவது அரிதாகிறது. இவற்றையெல்லாம் உள்ளேயிருந்து கண்டிக்க வேண்டும். ஆயினும், மண்டபத்தின் திறப்பு அம்மக்களின் கையில் இருக்கிறது. பேரரங்கின் திறப்போ கழக முதலாளியின் கையில்.

அந்த மண்டபத்திற் கூடுவோருள் தாதியர் பலர். 1948இல் தொடங்கிய பயிற்சிப் பரிமாற்றத் திட்டமும் 1965இன் குடிவரவுச் சட்டமும் பிலிப்பைன் தாதியரை அமெரிக்க மருத்துவமனைகளுக்கு இழுத்தன. அந்நாட்டின் பதிவுபெற்ற தாதியருள் அவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பேர். கொவிட் கொள்ளைநோய்க் காலத்தில், 2020 செப்டம்பர் வரை இறந்த தாதியருள் நூற்றுக்கு 31.5 பேர் பிலிப்பினோ வம்சத்தினர் என்று தாதியரின் தேசியத் தொழிற்சங்கம் கணக்கெடுத்து வெளியிட்டது. மரபு மாலையில் இந்தக் கணக்கையும் ஒருமுறை ஒலிபெருக்கியில் வாசிக்கலாமே! நடனத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கிறது. இதற்கு ஒரு நிமிடம் போதும்.

‘நம்மவர் உயர்ந்த இடங்களை அடைந்துவிட்டனரே’ என்று சிலர் ஆறுதல் கூறுவர். உண்மை. லகூனா மாகாணத்துத் தாயின் மகனான எறிக் ஸ்போல்ஸ்ட்றா மயாமி அணியின் பயிற்சியாளராக 2012இலும் 2013இலும் சாம்பியன் பட்டம் வென்றார். அந்தப் பெருமையை எவரும் மறுக்க வேண்டாம். ஆனால் ஒருவரின் வெற்றியைக் காட்டிப் பலரின் கூலிக் கணக்கை மூடுவது முதலாளித்துவத்தின் பழைய சாமர்த்தியம். ஆகவே நமது கோரிக்கை எளியது. சமூகத்தின் பெயரால் சீட்டு விற்றால், அச்சமூகத்தின் தொழிற்சங்கங்களும் வரலாற்றுச் சங்கமும் அவ்விழாவின் நிகழ்ச்சிநிரலைத் தீர்மானிக்கட்டும். மேற்சட்டையின் இலாபத்தில் பங்கு பெறட்டும். அதற்கு இணங்காத கழகத்தின் சீட்டை வாங்காதிருப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. திராட்சையை வாங்காதிருக்கும்படி ஒரு நாட்டையே பழக்கிய மக்களுக்கு இது புதிய பாடமன்று.

சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெற் வீதிக்குத் தெற்கே பிலிப்பினோ குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் பகுதியில் சில சிறு தெருக்களுக்கு போனிபாசியோ, மாபினி, லாபு லாபு என்று பெயர். மாபினி, அமெரிக்க ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தமையால் 1901இல் குவாம் தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர். அப்பகுதியில் 2006இல் ஒரு பூங்காவுக்கு விக்டோரியா மனாலோ டிரேவ்ஸ் என்று பெயரிட்டார்கள். பெயர்ப்பலகையில் மனாலோ என்ற சொல் இருக்கிறது. அங்கே கூடைப்பந்து ஆடுவதற்குச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.